கடைசியாகக் கை வைத்தவர்

அந்த ஈயக் கம்பியை அளந்தது நான்தான். ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சம் சொச்சமும் இருந்தது. வெர்னியரை டப்பாவில் வைத்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "இவ்ளோதான்" என்றார், ரேஷன் சர்க்கரையைப் பற்றிச் சொல்வது போல. அன்றைக்குப் பிடித்த பயம் எனக்கு ஆறு மாதம் விடவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். அதற்கு மேலே மூடி மாதிரி உட்கார்ந்திருப்பது ஹெட். அந்த ஹெட்டின் அடியைக் கொஞ்சம் சீவி எடுத்தால் உள்ளே இடம் குறையும். பெட்ரோலும் காற்றும் இன்னும் நெருக்கமாக நசுங்கும், வெடிக்கிற வெடி பலமாக இருக்கும், வண்டி பிய்த்துக்கொண்டு போகும். அளவு தப்பினால் பிஸ்டனில் ஓட்டை விழும், இல்லையென்றால் எஞ்சின் அப்படியே இறுகி நின்றுவிடும். சீவின பிறகு எவ்வளவு இடைவெளி மிச்சம் என்று பார்க்க, பிளக் மாட்டும் ஓட்டை வழியாக மெல்லிய ஈயக் கம்பியை உள்ளே விட்டு எஞ்சினைக் கையால் ஒரு சுற்று சுற்றுவார். நசுங்கி வரும் கம்பியை நான் அளப்பேன். நான் வண்டிப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். வாரத்தில் ஆறு நாள் அளப்பதுதான் பிழைப்பு. ஏழாவது நாள் இவருடைய கடையிலும் அதே வேலை.

எங்கள் வீடு அஸ்தினாபுரத்தில். இவருடைய லேத் கடை குரோம்பேட்டையில் ஒரு சந்துக்குள், ஒரு ஷட்டர் அகலம். வேகப் பைத்தியம் பிடித்த பைக்காரர்கள் எல்லாம் இவரிடம்தான் வருவார்கள். "அண்ணா கை பட்டா வண்டி வேற மாதிரி" என்று அவர்கள் சொன்னால் போதும், இவருக்குத் தலைகால் புரியாது. எனக்கு அந்த வேலையே பிடிக்காது. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏதாவது ஒரு பைக் கத்திக்கொண்டு போனால், அது இவர் சீவின ஹெட்டாக இருக்குமோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். எனக்குப் பயம் அதிகம். இதைச் சொல்ல வெட்கமெல்லாம் கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் அந்த சார் வந்தார். வேலையில் இருந்த காலம் முழுக்க விமான எஞ்சின்களோடு இருந்து ரிட்டயர் ஆனவர். சொந்தமாக ஒரு சின்ன விமானம் வைத்திருந்தார். விமானம் என்றதும் நீங்கள் வேறு எதையோ நினைப்பீர்கள். மேலே முக்கோணமாக ஒரு துணி இறக்கை, கீழே மூன்று சக்கரம், ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு சீட், அதற்கும் பின்னால் ஒரு எஞ்சினும் காற்றாடியும். அவ்வளவுதான். ஆட்டோவுக்கு இருக்கிற தடுப்புக் கம்பிகூட அதில் கிடையாது.

"எதிர்க்காத்து அடிச்சா கீழ ரோட்ல போற தண்ணி லாரி என்னை ஓவர்டேக் பண்ணுது தம்பி. ரொம்ப அவமானமா இருக்கு. இதுல கொஞ்சம் பவர் ஏத்த முடியுமா?" என்று கேட்டார்.

இவர் அந்த எஞ்சினைச் சுற்றி வந்த விதத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, இனி இந்த மனுஷன் என் பேச்சைக் கேட்க மாட்டார் என்று. அன்று சாயங்காலம் வீட்டில் சண்டை.

"பைக்னா எஞ்சின் நின்னா க்ளட்ச்சைப் பிடிச்சு ஓரங்கட்டலாம். மேல ஓரம் எங்க இருக்கு?"

"சார் பாத்துப்பாரு. ஓட்டப் போறது அவருதான, நீ இன்னாத்துக்கு டென்ஷன் ஆவுற?"

அந்த ஒரு வார்த்தையில் கொஞ்சம் அடங்கினேன். ஓட்டப்போவது அவர். இவர் கடையில் இருப்பார். சுயநலம்தான், ஆனால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. வேலை பாதி நடந்துகொண்டிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் கடைக்கு வந்தார். நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். "எங்கிட்ட ஒரு பழக்கம் இருக்கு தம்பி" என்று ஆரம்பித்தார். "எஞ்சின்ல கடைசியா யாரு கை வச்சாங்களோ, முதல் ஓட்டத்துக்கு அவங்கதான் பின் சீட்டு. நான் வேலை கத்துக்கிட்ட காலத்துலேருந்து இப்படித்தான். அப்பத்தான் போல்ட் முடுக்கற கை ஒழுங்கா முடுக்கும்."

இவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். நான் வெர்னியர் டப்பாவைத் திறந்தேன்.

அதற்குப் பிறகு நான் அளந்த அளவுக்கு யாரும் எதையும் அளந்திருக்க மாட்டார்கள். கம்பெனியில் ஒரு பாகத்தை ஒரு தடவை பார்த்தால் இங்கே மூன்று தடவை பார்த்தேன். ஈயக் கம்பியை நாலு பக்கமும் வைத்துச் சுற்றச் சொன்னேன். உண்மையைச் சொன்னால், நான் தப்பு இருக்கக் கூடாது என்று தேடவில்லை. ஏதாவது ஒரு தப்பு கிடைத்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்றுதான் தேடினேன். இவர் பெட்ரோல் வரும் வழியை மெழுகு போலத் தேய்த்து வைத்திருந்தார், பெரிய கார்புரேட்டர் மாட்டியிருந்தார், புகைக்குழாயை வெட்டி வயிறு வைத்துப் புதிதாகப் பற்றவைத்திருந்தார். எதிலும் தப்பு இல்லை. என் கஷ்டமே அதுதான்.

ஆயுத பூஜை வந்தது. கடையைக் கழுவி, லேத்துக்கு, டிரில்லிங் மெஷினுக்கு, கம்ப்ரசருக்கு, என் வெர்னியர் டப்பாவுக்கு, வாசலில் நின்ற ஸ்கூட்டருக்கு என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். அந்த எஞ்சின் மட்டும் பிரித்தபடி பேப்பர் மேல் பரப்பிக் கிடந்தது. நான் கிண்ணத்தோடு அந்தப் பக்கம் திரும்பினதும், "ஏய், அது கிட்ட வராத. ஒரு துளி பொடி உள்ள பூந்துச்சுன்னா சிலிண்டர்ல கோடு உழுந்துரும்" என்று கையைக் குறுக்கே நீட்டினார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் கடையில் ஸ்பேனர் முதற்கொண்டு பொட்டு வைத்துக்கொண்டிருக்க, மேலே பறக்கப்போகிற அது மட்டும் வெறும் நெற்றியோடு கிடந்தது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மிச்ச சந்தனத்தையும் குங்குமத்தையும் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு எடுத்து வைத்துக்கொண்டேன்.

எஞ்சினை மூட்டி விமானத்தில் மாட்டி, அதற்கடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு நாள் குறித்தார்கள். செங்கல்பட்டு தாண்டி ஒரு தனியார் நிலத்தில், வறண்ட ஏரியை ஒட்டி சார் அந்த விமானத்தை நிறுத்தியிருந்தார். பர்மிஷன், பேப்பர் எல்லாம் அவர் பாடு. காலையில் காரில் கிளம்பினோம். பெருங்களத்தூரில் வழக்கம்போல நெரிசல், வண்டி நகரவே இல்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இப்படியே மாட்டிக்கொண்டு மத்தியானம் ஆகிவிட்டால் காற்று ஏறிவிடும், இன்றைக்கு வேண்டாம் என்று சார் சொல்லிவிடுவார். பக்கத்தில் இவர், பரீட்சைக்குப் போகிறவர் போல, ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தார். பத்து நிமிஷத்தில் வழி விட்டுவிட்டது.

நிலத்தில் சார் ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் சோதித்தார். எஞ்சினை ஓட விட்டு, சூடு காட்டுகிற மீட்டரைப் பார்த்தார். அதன் சத்தமே மாறியிருந்தது. நிறுத்திவிட்டு, "அவ்வளவுதான், இனிமே யாரும் தொட வேணாம்" என்று சொல்லி, ஹெல்மெட் எடுக்க இவரையும் கூட்டிக்கொண்டு கார் பக்கம் போனார்.

வண்டியும் நானும் மட்டும் நின்றோம்.

ஹேண்ட்பேக்கிலிருந்து டப்பாவை எடுத்தேன். சந்தனம் காய்ந்து போயிருந்தது, பாட்டில் தண்ணீர் ரெண்டு சொட்டு விட்டுக் கெட்டியாகக் குழைத்தேன். எஞ்சினில் வைக்கலாம் என்று விரலைக் கொண்டுபோனால் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை, அப்படிச் சுட்டது. சீட்டுக்கு அடியில் வெள்ளை பிளாஸ்டிக்கில் பெட்ரோல் டேங்க் இருந்தது. அதன் மேல் வட்டமாகக் கறுப்பு மூடி. சூடு இல்லாமல், கைக்கு எட்டுகிற மாதிரி, நடுவில் பொட்டு வைக்கத் தோதாக ஒரு சின்னக் குழியோடு இருந்தது. அங்கே சந்தனத்தை வைத்தேன். மேலே குங்குமத்தை அழுத்தினேன். சரியாக வைத்தோமா என்று சந்தேகம் வந்து, இன்னொரு தடவை சந்தனம், இன்னொரு தடவை குங்குமம். "முருகா, இவர் நல்லபடியா கீழ வந்தா குன்றத்தூர் மலைக்குப் படியேறி வரேன்" என்று வேண்டிக்கொண்டு டப்பாவை மூடினேன்.

அந்தக் குழியின் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. அளப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிற என் கண்ணுக்கு அது படவில்லை. அந்த நேரத்தில் நான் இன்ஸ்பெக்டராக அங்கே நிற்கவில்லை.

கிளம்பினார்கள். சார் முன்னால், இவர் பின்னால். முன்பெல்லாம் அந்த நிலத்தின் கடைசி வரை ஓடித்தான் எழும்பும் என்று சார் சொல்லியிருந்தார். அன்றைக்குப் பாதியிலேயே எழுந்துவிட்டது. இவர் என்னைப் பார்த்துக் கையாட்டினார். நான் ஆட்டவில்லை. வாட்சைப் பார்த்தேன். பதினைந்து நிமிஷம் என்று சொல்லியிருந்தார்கள். மூன்று நிமிஷம், நாலு நிமிஷம். ஏரிக்கு மேலே வட்டம் போட்டார்கள். நல்ல வேகம், எனக்கே தெரிந்தது. ஏழு, எட்டு. பாதி தாண்டிவிட்டதே என்று ஒரு மூச்சு விட்டேன்.

அப்போது எஞ்சின் இருமியது. ஒரு தடவை, பிறகு சேர்ந்தாற்போல் ரெண்டு தடவை. அப்புறம் நின்றுவிட்டது.

தாம்பரம் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் நான். ஆகாயத்தில் சத்தம் கேட்டால் நாங்கள் தலையைக்கூட நிமிர்த்த மாட்டோம். ஆகாயத்தில் ஒரு சத்தம் நின்றுபோய் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. துணி இறக்கை காற்றில் படபடக்கிறது எனக்குக் கீழே வரை கேட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரெண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டேன். ஒரு மில்லிமீட்டர். நான் அளந்ததுதான் தப்பு. இந்த ஒரே நினைப்புதான் திரும்பத் திரும்ப வந்தது. சாமி பேர்கூட வாயில் வரவில்லை.

சார் கெட்டிக்காரர். எஞ்சின் இல்லாமலேயே அதை மெதுவாக மிதக்கவிட்டு ஏரிக்குள் கொண்டுவந்து இறக்கினார். கடைசியில் முன்சக்கரம் டிராக்டர் போன பள்ளத்தில் மாட்டி, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, காற்றாடி தரையில் அடித்து உடைந்தது. செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். சாருக்கு மணிக்கட்டு பிசகியிருந்தது. இவருக்கு உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். உயிரோடு இருந்தார்கள். நான் இவர் முகத்தைப் பிடித்து ரத்தத்தைத் துடைக்கப் பார்த்தால், இவர் என்னைப் பார்க்கவே இல்லை. எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹெட்டு" என்றார். "நான் சீவின ஹெட்டுதான். என் தப்பு."

சாரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு இவர் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனார். நான் சாய்ந்து கிடந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். டேங்க்கைப் பார்த்தேன். யாரோ உள்ளேயிருந்து உறிஞ்சின மாதிரி ரெண்டு பக்கமும் ஒடுங்கிப்போயிருந்தது. மேலே மூடியில் என் பொட்டு, காய்ந்து கெட்டியாக.

புது எண்ணெய் டின்னை உடைக்கும்போது ஒரு ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெய் வராது. எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டுக் காற்று உள்ளே போக வழி விட்டால்தான் வரும். எந்த வீட்டுச் சமையலறையிலும் தெரிந்த விஷயம். அந்த மூடியில் இருந்தது அந்தக் காற்றுக்கான ஓட்டை. நான் அதைச் சந்தனம் போட்டு அடைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் ஓடியிருக்கிறது, அப்புறம் பெட்ரோல் வருவது நின்றிருக்கிறது. ஹெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மூடியைத் திருகினேன். ஸ்ஸ் என்று காற்று உள்ளே போனது, டொப்பென்று டேங்க் பழையபடி உப்பியது. முந்தானையால் சந்தனத்தைத் துடைத்தேன், ஓட்டைக்குள் இருந்ததை ஊக்கால் குத்தி எடுத்தேன். கை அதுபாட்டுக்குச் செய்தது. செய்துவிட்டு, சொல்லிவிடலாம் என்றுதான் அவர்கள் பக்கம் நடந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன்.

சார் இவர் தோளில் தட்டிக்கொண்டிருந்தார். "பரவால்ல தம்பி, மனசு விடாத. கோளாறு எங்கன்னு கண்டுபிடி. கண்டுபிடிச்சதும் மறுபடி நாம ரெண்டு பேரும் ஏறுவோம்."

மறுபடி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என் வாய் மூடிக்கொண்டது. கோளாறு கிடைக்காத வரைக்கும் இவர் ஏற மாட்டார். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

எஞ்சினும் டேங்க்கும் கடைக்கு வந்தன. ஒரு வாரம் உட்கார்ந்து பிரித்தார். பிஸ்டனில் ஒரு கீறல் இல்லை. மூட்டி, ஸ்டாண்டில் வைத்து ஓட்டினார், அரை மணி நேரம் கம்மென்று ஓடியது. சார் வந்து டேங்க்கைப் பார்த்தார், மூடியை வாயில் வைத்து ஊதினார், காற்று தாராளமாகப் போனது. "இதுல ஒண்ணும் இல்ல" என்று கீழே வைத்தார். நான் டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவின டம்ளரையே மறுபடி கழுவினேன்.

மழை ஆரம்பித்தது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். அதிலும் நடந்து கடைக்குப் போய் ரெண்டாவது தடவை பிரித்தார். பிளக்கை லென்ஸ் வைத்துப் பார்ப்பார். கார்புரேட்டரைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போலக் கழுவுவார். ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு ஈயக் கம்பியைக் கொடுத்து அளக்கச் சொல்வார். நானும் அளந்து, "ஒண்ணு புள்ளி பூஜ்யம் ஆறு" என்பேன். "கரெக்டாதான கீது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். என்னைப் போல ஒரு பாவி உண்டா என்று எனக்குத் தோன்றும். அடுத்த நிமிஷம் அந்த இருமல் சத்தம் காதில் கேட்கும். வாயை மூடிக்கொள்வேன்.

பைக்காரர்கள் ஹெட் சீவ வந்தால், "வேணாம்பா, வேற எங்கயாவது பாத்துக்கோ" என்று திருப்பி அனுப்ப ஆரம்பித்தார். சின்னதாக ஒரு புஷ் வளையம் கடைந்தால்கூட நாலு தடவை அளப்பார். சாப்பிடும்போது வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "எங்கயோ என் கை தப்பு பண்ணுது. எங்கன்னு எனக்கே தெரியல. தெரியாத தப்புதான் பேஜாரு" என்றார் ஒருநாள். நான் ரசம் ஊற்றினேன். நாலாவது தடவை பிரித்தது தை மாதத்தில்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம். ஏதோ பேரிங் வாங்கப் பெருங்களத்தூர் வரை ஸ்கூட்டரில் போனவர் வர நேரமானது. போன் எடுக்கவில்லை. வாசலிலேயே நின்றிருந்தேன். இருட்டுகிற சமயத்தில் தெருமுனையில் வந்தார், ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"என்ன ஆச்சு? பெட்ரோல் இல்லையா?"

"ஒரு சத்தம் கேட்டுச்சு" என்றார். "நான் சிலிண்டரைக் கடைஞ்சு போர் போட்ட எஞ்சின்தான இது. பின்னாடி பஸ்ஸு வருது. நடு ரோட்ல நின்னுடுச்சுன்னா?"

பெருங்களத்தூரிலிருந்து தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, எல்லாம் நடந்து. நான் சாவியை வாங்கி ஸ்டார்ட் செய்து தெருவை ரெண்டு சுற்று சுற்றி வந்தேன். ஒரு சத்தமும் இல்லை. எப்போதும் ஓடுவது போல ஓடியது. நிறுத்திவிட்டு வந்தால் அவர் மாடிப்படியில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வானத்திலிருந்து விழுந்துவிடப் போகிறாரே என்று பயந்து நான் காப்பாற்றி வைத்திருந்த மனுஷனைப் பாருங்கள், சொந்த ஸ்கூட்டரில் ஏறப் பயப்படுகிறார்.

அவருக்கு ரெண்டு படி கீழே உட்கார்ந்து சொன்னேன். சந்தனம், மூடி, ஓட்டை, முந்தானை, எல்லாவற்றையும்.

ஸ்கூட்டர் சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அப்புறம், "எப்பத் தெரியும் உனக்கு?" என்றார்.

"அன்னிக்கே. ஏரியிலேயே."

"நாலு தடவ பிரிச்சேன்."

"தெரியும்."

"நீ பாத்துகினே இருந்த. ஈயக் கம்பி அளந்து குடுத்த."

"சொன்னா மறுபடி மேல போவீங்க. அதான் சொல்லல."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து உள்ளே போய்விட்டார். ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட உட்காருவதற்கு முன்னால் சாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, எனக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னார். குரலில் பழைய தெம்பு வந்திருந்தது. எஞ்சினில் தப்பில்லை என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னார்.

சார் மூடியைப் பற்றி மட்டும் ரெண்டு கேள்வி கேட்டார். பிறகு, "அப்ப முதல் ஓட்டம் இன்னும் முடியலைன்னு அர்த்தம் தம்பி" என்றார். "சரி, அன்னிக்குக் கடைசியா கை வச்சது யாரு?"

இவர் என்னைப் பார்த்தார். சோற்றுக் கரண்டி என் கையில் அப்படியே நின்றது.

"சார், அது விளையாட்டுக்குக்கூட வேணாம் சார்" என்று இவர் பதறிப்போய்ச் சொன்னார். "அது லிஃப்ட்ல ஏறவே பயப்படும். நானே உக்காரேன்."

அந்த நிமிஷம் என் மண்டையில் ஒன்று உறைத்தது. பின் சீட் ஒன்றுதான் இருக்கிறது. அதில் நான் உட்கார்ந்தால் அன்றைக்கு இவர் உட்கார முடியாது. இவர் மேலே போய் நான் கீழே நிற்பதை இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது. செத்தாலும் முடியாது. "நான் வரேன் சார்" என்று போனைப் பார்த்துச் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

மாசி மாதம் ஒரு காலையில் மறுபடி அந்த நிலம். புதுக் காற்றாடி மாட்டியிருந்தார்கள். இவர் மூடியை எடுத்து ஊதினார், ஊசி விட்டுப் பார்த்தார், மறுபடி ஊதினார். எனக்கு ஹெல்மெட் மாட்டி, வாரை ரெண்டு தடவை கழற்றிக் கட்டினார். "இப்பக்கூட வேணாம்னு சொல்லிடலாம்" என்றார் மெதுவாக. மாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

எழும்பினபோது கண்ணை மூடிக்கொண்டேன். முன்னால் இருந்த கம்பியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் அந்த எஞ்சின், ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், என்னென்னவோ செய்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டேன். கண்ணைத் திறந்தால் முதலில் தெரிந்தது வாட்ச். ஏழாவது நிமிஷம், எட்டாவது நிமிஷம். ஒன்பதாவது நிமிஷத்தில் நான் மூச்சே விடவில்லை. கீழே பார்த்தேன். இவர் தரையில் உட்கார்ந்திருந்தார், ரெண்டு கையும் தலைமேல். நான் அன்றைக்கு உட்கார்ந்த அதே மாதிரி. அவ்வளவு உயரத்திலிருந்தும் அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

எஞ்சின் இருமவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. சார் ரோட்டை ஒட்டித் திருப்பினார். எதிர்க்காற்றுதான். கீழே நாங்கள் போகிற பக்கமே ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. அது மெதுவாக என் காலுக்குக் கீழே வந்து, பின்னால் போய், காணாமல் போனது. சார் கையைத் தூக்கிக் காட்டினார்.

இறங்கினபோது இவர் ஓடிவரவில்லை. எழுந்து நிற்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. கிட்டே வந்தவர் முகம் சாம்பலாக இருந்தது. காருக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்திருந்தார் என்று அப்புறம்தான் பார்த்தேன். என் ஹெல்மெட்டைக் கழற்றி, கையைப் பிடித்து இறக்கிவிட்டார். எஞ்சின் பக்கம் திரும்பவே இல்லை.

சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பிரமாதம் தம்பி. ஹெட்டுல இன்னும் ஒரு மயிரிழை சீவினா என்ன? இன்னும் கொஞ்சம் வேகம் கிடைக்கும்ல?"

"வேணாம் சார்" என்றார் இவர். என் கையை விடவில்லை. "கீழ நின்னு பாத்துட்டேன். போதும்."

இப்போது மறுபடி பைக் ஹெட் சீவுகிறார், ஆனால் யார் வந்து எவ்வளவு கெஞ்சினாலும் ஒரு அளவோடு நிறுத்திவிடுகிறார். குன்றத்தூர் படியையும் ரெண்டு பேரும் சேர்ந்தே ஏறிவிட்டு வந்தோம். அவரிடம் நான் இனி எதையும் மறைப்பதில்லை என்று அங்கே வைத்துச் சத்தியம்கூடச் செய்தேன். அதிலும் ஒன்றே ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த லாரி என் காலுக்குக் கீழே பின்னால் போனபோது எனக்குப் பயமே இல்லை. சார் இன்னும் ஒரு மயிரிழை சீவலாமா என்று கேட்டபோது, சீவட்டுமே என்றுதான் எனக்கு இருந்தது. என் கையைப் பிடித்திருந்த அவர் கை அப்படி நடுங்கிக்கொண்டிருந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன்.